தடையின்றிப் போய்ச் சேர

செம்புலத்தில் ஒவ்வொருவரும் காலையில் எழுந்து காபி குடிப்பதற்குள், தான் தான்தான் என்று நான்கு முறை நிரூபித்துவிடுவார்கள். படுக்கையறைக் காற்றுக்குழாய் மூச்சை முகர்ந்து பார்க்கும். தண்ணீர்க் குழாய் விரலைத் தொட்டுப் பார்க்கும். நடைவழிக் கதவு நடையைக் கவனிக்கும். கடைசியாகக் காபிப் பொறி குரலைக் கேட்கும். நான்கும் ஒத்துப்போனால் அரைக் கோப்பை காபி வரும். இதை யாரும் தொல்லையாக நினைப்பதில்லை. செவ்வாயில் காற்றும் தண்ணீரும் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து வைக்கப்பட்டவை.

அன்று காபிப் பொறி பரிதியை இன்னொரு முறை பேசச் சொன்னது. அவன் "காபி" என்றான். பொறிக்குப் போதவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு அவனுடைய குரல் சமீபத்தில் பதிவாகவில்லை என்றது. அவன் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். பதினேழில் காபி வந்தது.

கோப்பையோடு உட்கார்ந்தபோது மணிக்கட்டுத் திரை துடித்தது. முந்தைய நாள் பூமிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்திருந்தது. மேலே ஒரே வரி. 'அனுப்பியவர் யாரென்று உறுதியாகவில்லை, திருப்பப்பட்டது.'

அது ஒரு தந்தையின் ஒப்புதல் கடிதம். பரிதி செம்புலத்தின் நீர்ப் பொறியாளன், வயது முப்பத்து மூன்று. அவன் மகள் நிறைமதி தென்காசியில் அவனுடைய அண்ணி திலகவதியின் வீட்டில் வளர்ந்தாள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கப்பல் ஏற்றுவதில்லை என்பதால் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவளை அங்கே விட்டுவிட்டு, பரிதியும் மனைவி மங்கையர்க்கரசியும் கிளம்பி வந்தார்கள். ஐந்து வயது முடிந்த பிறகு கிளம்பும் கப்பலில் அவளும் வருவாள் என்பது ஏற்பாடு. பதினான்கு மாதங்களுக்கு முன்பு வடக்குக் காற்றடைப்பு விட்டுப்போனதில் மங்கை இறந்தாள். ஏற்பாடு மட்டும் அப்படியே இருந்தது.

கப்பல் இருபத்தாறு மாதங்களுக்கு ஒரு முறைதான் கிளம்பும். நிறைமதிக்கு இப்போது ஆறு முடிந்து நான்கு மாதம். செவ்வாயில் வாழக் கப்பலிலேயே எலும்புப் பதியம் வைக்க வேண்டும். அதை ஏழு வயதுக்குள் வைத்தால்தான் எலும்பு ஏற்கும். இந்தக் கப்பலை விட்டால் அவள் ஒருபோதும் வர முடியாது. அவனும் போக முடியாது. செம்புலத்துக்கு வரும் கப்பல்கள் ஒருவழிக் கப்பல்கள்.

பயணப் பட்டியல் மூட இன்னும் ஏழு நாள் இருந்தது.

முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆன பிறகு, பூமியின் சட்டம் எழுத்துக்குத் திரும்பியிருந்தது. ஒப்புதல் என்றால் கடிதம். இப்போது கடிதத்திலும் போலிகள் பெருகிவிட்டதால், அந்த மாதம் முதல் தேதியிலிருந்து புதிய விதி. எந்த ஊரின் பெயரில் கடிதம் வருகிறதோ அந்த ஊர் மூன்று பதிவுகளைப் பெயர்ப் பலகையில் தொங்கவிட்டிருக்க வேண்டும். பெயர்ப் பலகை என்பது எல்லா உலகங்களிலும் உள்ள ஊர்களின் பெயர்கள் அடங்கிய பொதுப் பட்டியல். யாரும் படிக்கலாம், அந்தந்த ஊர்தான் எழுதலாம். பதிவு இல்லாத ஊரின் கடிதத்தைப் பூமியின் அஞ்சல் கோபுரங்கள் கீழே இறக்காமலே திருப்பின.

பரிதி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் குடியிருப்புச் செயலர் ஞானசீலனைப் பார்க்கப் போனான்.

ஞானசீலனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. அந்த மாதம் செம்புலத்திலிருந்து ஒரு கடிதம்கூடப் போய்ச் சேரவில்லை என்றார். யாரும் கேட்டு வரவில்லை, எல்லோரும் பேச்சுப்படம்தான் அனுப்புகிறார்கள், அதனால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். மேலும் அது அஞ்சல் பொறுப்பாளர் செய்ய வேண்டிய வேலை. அஞ்சல் பொறுப்பாளர் இடம் பதினான்கு மாதமாகக் காலியாக இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்துக்கொண்டார்.

"நான் செய்றேன் சார்," என்றான் பரிதி.

"உனக்குத் தெரியுமாப்பா?"

"தண்ணிக் குழாய்க்கு வால்வு போடுற மாதிரிதானே."

"மூணு வால்வு. எதையாவது மாத்தித் திருகினா ஊர்ப் பேரே அடைச்சுக்கும். பார்த்துத் திருகு," என்று ஞானசீலன் சாவியைக் கொடுத்தார்.

மூன்று பதிவுகளும் கேட்பதற்கு எளிமையானவை. முதலாவது அனுப்புநர் பட்டியல். செம்புலம் என்ற பெயரில் கடிதம் அனுப்ப யார் யாருக்கு உரிமை என்று சொல்வது. இரண்டாவது முத்திரை. கடிதத்தின் ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஊரின் ரகசியச் சாவியால் பூட்டுவது. பூட்டைச் சோதிக்கும் பொதுச் சாவி பலகையில் தொங்கும். வழியில் ஒரு புள்ளி மாறினாலும் பூட்டு பொருந்தாது. மூன்றாவது கட்டளை. சோதனையில் தவறும் கடிதத்தை என்ன செய்வது என்று ஊரே சொல்லிவைப்பது. உள்ளே விட்டுவிடு, ஒதுக்கிவை, திருப்பு, இந்த மூன்றில் ஒன்று. விட்டுவிடு என்று எழுதியிருந்தால் பதிவே இல்லாததாகத்தான் கோபுரங்கள் எடுத்துக்கொண்டன.

பலகையில் எதை எழுதினாலும் அது எல்லா இடத்துக்கும் பரவ ஒரு நாள் ஆகும். அதுவரை சரியா தவறா என்று தெரியாது.

பரிதி அஞ்சல் மேசையில் உட்கார்ந்தான். நாற்காலியின் உயரம் அவனுக்குக் குறைவாக இருந்தது. அதை மாற்றவில்லை. பலகையைத் திறந்தபோது அனுப்புநர் பட்டியல் ஒன்று ஏற்கெனவே தொங்கியது. அதில் ஒரே பெயர். மங்கையர்க்கரசி. கட்டளையும் இருந்தது: விட்டுவிடு. நான்கு ஆண்டுகளாக அப்படியே இருந்தது. முத்திரை இல்லை.

அந்தப் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதச் சொன்னது வழிகாட்டி. அவன் பழைய பட்டியலைத் தொடாமல் அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பட்டியலைத் தொங்கவிட்டு, அதில் தன் பெயரை எழுதினான். முத்திரைக்குச் சாவி செய்தான். கட்டளையைத் திருப்பு என்று மாற்றினான். கடிதத்தை மறுபடி அனுப்பினான். ஒரு நாள் குழாய்களைப் பார்த்துக்கொண்டு கழித்தான்.

கடிதம் திரும்பி வந்தது. ஒரே ஊருக்கு இரண்டு அனுப்புநர் பட்டியல் இருந்தால் எது உண்மை என்று கோபுரத்துக்குத் தெரியாது. எனவே இரண்டும் செல்லாது.

ஆறு நாள் இருந்தது.

ஞானசீலன் வந்து எட்டிப் பார்த்தார். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் முடிந்தது என்று மெதுவாகச் சொன்னார். பரிதி விதிகளை இன்னொரு முறை படித்தான். ஒரு பட்டியலில் பத்துப் பெயர் வரை இருக்கலாம். பெயருக்குரியவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அவன் இரண்டாவது பட்டியலை எடுத்துவிட்டு, முதல் பட்டியலில் மங்கையின் பெயருக்குக் கீழே தன் பெயரைச் சேர்த்தான். ஞானசீலன் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் பதில் வந்தது. அனுப்புநர் பட்டியல் சரி. முத்திரை பொருந்தவில்லை. திருப்பப்பட்டது.

அவன் சாவியை அழித்துப் புதுச் சாவி செய்தான். ஒரு நாள் போனது. பொருந்தவில்லை. கடிதத்தில் ஏதோ ஓர் எழுத்து வழியில் சிதைகிறதோ என்று வாக்கியங்களைக் குறைத்தான். 'என் மகள் நிறைமதி பயணம் செய்ய நான் ஒப்புகிறேன்' என்ற ஒரே வரியை முத்திரையிட்டு அனுப்பினான். ஒரு நாள் போனது. அதுவும் பொருந்தவில்லை. குழாயில் கசிவு என்றால் ஈரம் காட்டிக்கொடுக்கும். இது எங்கும் ஈரமில்லாமல் கசிந்தது. அன்று அவன் இரண்டு முறை ஒரே வால்வைச் சோதித்தான். சாப்பாட்டுக் கூடத்தில் மசகைத் துடைக்காமல் தொட்டதால் தண்ணீர்க் குழாய் அவன் விரலை ஏற்க மறுத்தது.

மூன்று நாள் இருந்தது.

திருப்பி அனுப்பும் கோபுரங்கள் காரணத்தை விரிவாகச் சொல்வதில்லை. விரிவான அறிக்கை தினமும் அந்த ஊர் குறிப்பிட்ட ஒரு பெட்டிக்குப் போகும். எந்தப் பெட்டி என்று கட்டளையிலேயே எழுதியிருந்தது. பரிதி அதை முதல் நாளே பார்த்திருந்தான். அது மங்கையின் பெட்டி. அவள் இறந்த பிறகு அவன் அதைத் திறக்கவில்லை.

இப்போது திறந்தான். படிக்காத அறிக்கைகள் நானூற்று இருபத்தாறு. நாளுக்கு ஒன்றாக வந்து, ஒருவரும் பார்க்காமல், ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவள் கடைசியாகப் படித்த அறிக்கையின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். 'முத்திரை வைக்கணும். அடுத்த வாரம்.' அவன் அதைத் தாண்டிக் கீழே போனான். நேற்றைய அறிக்கையில் ஒரு வரி இருந்தது. முத்திரையிட்ட பிறகு கடிதத்தின் தலைப்பில் ஒரு குறி சேர்க்கப்பட்டுள்ளது.

முத்திரையிட்ட பிறகு கடிதம் போகும் இடம் ஒன்றுதான். மேட்டில் உள்ள அலைக்கூடம். அங்கே மனிதர் யாரும் இல்லை. கடிதங்களை வாங்கி, வரிசைப்படுத்தி, பூமி எழும்போது வானத்தில் எறியும் பொறி ஒன்று மட்டும் இருந்தது. ஊரில் அதைத் தபால்காரர் என்பார்கள். பரிதி கவச உடை மாட்டிக்கொண்டு நடந்தான். ஞானசீலனும் கூட வந்தார். தபால்காரரிடம் அதன் விதிகளைக் காட்டச் சொன்னார்கள். பதிமூன்று விதிகள் தொழிற்சாலையில் எழுதப்பட்டவை. பதினான்காவது இங்கே எழுதப்பட்டது.

'தலைப்பில் பிள்ளையார் சுழி இல்லாத கடிதங்களுக்குச் சுழி இடு. விதியை இட்டவர்: மங்கையர்க்கரசி. காரணம்: தடையின்றிப் போய்ச் சேர.'

கீழே சுழி இருந்தது. பேனாவால் திரையில் வரைந்தது. வால் தேவைக்கு மேல் நீண்டு, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. விதியின் தேதி, அவர்கள் வந்த முதல் ஆண்டு. அப்போது ஒரு புழுதிப் புயலில் இருபது நாள் கடிதங்கள் தொலைந்து போயின. அனுப்பியவரின் பிரதியில் இந்தச் சுழி தெரியாது. தபால்காரர் அதற்குப் பிறகு செம்புலத்திலிருந்து போன ஒவ்வொரு கடிதத்திலும், கேட்காமலே, தவறாமல், இதை இட்டிருந்தது.

ஞானசீலன் தலைக்கவசத்துக்குள் சிரித்தார். "இதுதானா. சர்ச்சுக்குப் போற எங்கம்மா ரெண்டு வருஷம் முன்ன கேட்டாங்க. என்னல, செவ்வாய்க்குப் போய் வேதம் மாறிட்டியான்னு. தூசி விழுந்திருக்கும்மான்னு சொல்லிச் சமாளிச்சேன்."

பரிதி சிரிக்கவில்லை. தடை எது என்று தெரிந்துவிட்டது. அவன் பதினான்காவது விதியைத் தேர்ந்தெடுத்தான். நீக்கவா என்று பொறி கேட்டது. நீக்கு என்றான். அவன் குரல் போதவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலை அனுப்பிய கடிதம் திரும்பி வரவில்லை. மறுநாள் காலை பயண அலுவலகத்தின் பதில் வந்தது. பட்டியல் சரி, முத்திரை சரி, கட்டளை சரி. ஒப்புதல் ஏற்கப்பட்டது. இனிக் காப்பாளரின் கைவிரல் மட்டும் பாக்கி. கடிதத்தின் பிரதி திலகவதிக்கு அனுப்பப்பட்டுள்ளது. பட்டியல் நாளை நண்பகலில் மூடும்.

பரிதி நாற்காலியில் சாய்ந்தான். பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது.

பிற்பகலில் திலகவதியின் கடிதம் வந்தது.

'தம்பிக்கு. உங்க பேர்ல ஒரு கடிதம் வந்திருக்கு. அது நீங்க எழுதினது இல்லைன்னு எனக்குத் தெரியும். நீங்க சுழி போடாம ஒரு வரி எழுத மாட்டீங்க. இதுல சுழியே இல்லை. ஒரே வரி, யாரோ அவசரமா எழுதினது. பொறி மூணு பச்சை விளக்குக் காட்டுது. அதுக்கு என்ன தெரியும்? முகத்தைக் காட்டிப் பேசினாலும் நான் நம்பத் தயாரா இல்லை. போன வருஷம் அடுத்த தெருவுல செத்துப்போனவரே வந்து பொண்டாட்டிகிட்ட பேசினாரு. பச்சைப் பிள்ளையை யாரோ கேக்கறாங்கன்னு அனுப்ப முடியாது. நிஜமா நீங்கதான்னா நீங்க எழுதற மாதிரி எழுதுங்க.'

அவன் அதை மூன்று முறை படித்தான். நான்கு ஆண்டாகப் பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை சீவி வளர்த்தவள். விடாமல் இருக்க இது ஒரு சாக்காக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி இருந்தால் தான் எப்படி எழுதினாலும் பயனில்லை. இல்லையென்றால், ஒரு கடிதத்துக்கு நேரம் இருந்தது. இன்று பூமி மறைந்துகொண்டிருந்தது; நாளைக் காலை அது எழுந்ததும் அனுப்பினால் எட்டு நிமிடத்தில் போய்ச் சேரும். அதைப் பொறியும் திருப்பக்கூடாது, திலகவதியும் திருப்பக்கூடாது.

வழி எளிதாகத்தான் இருந்தது. சுழியை முத்திரைக்குப் பிறகு போட்டால் தடை. முத்திரைக்கு முன்பே போட்டுவிட்டால் அதுவும் கடிதத்தின் பகுதி.

காலையில் அவன் மேசையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினான். மேலே இடம் விட்டு, பேனாவை எடுத்து ஒரு சுழி போட்டான். வாழ்க்கையில் முதல் தடவை. நண்டு மாதிரி இருந்தது. அழித்துவிட்டு இன்னொன்று போட்டான். வால் கீழே இறங்கியது. வேறொன்று போட்டான். நான்கு ஆண்டாக ஒரே சுழியைப் பார்த்தவளின் கண் இவை எதையும் ஏற்காது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டியல் மூட ஒன்றரை மணி நேரம் இருந்தது.

நீக்கப்பட்ட விதிகள் முப்பது நாள் குப்பையில் கிடக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேசையிலிருந்தே தபால்காரரின் குப்பையைத் திறந்தான். பதினான்காவது விதியிலிருந்து சுழியை மட்டும் எடுத்துக் கடிதத்தின் தலையில் வைத்தான். முத்திரைப் பொத்தானை அழுத்தினான்.

முத்திரைப் பொறி நின்றது. தலைப்பில் உள்ள குறி அனுப்புபவர் வரைந்ததல்ல என்றது. வரைந்தவர் பெயரைக் கேட்டது.

அவன் விரலால் மெதுவாகத் தட்டினான். மங்கையர்க்கரசி.

பொறி பலகையைப் பார்த்துவிட்டு வந்தது. 'அனுப்புநர் பட்டியலில் முதலாவதாக இருக்கிறார். உரிமை உண்டு.' முத்திரை விழுந்தது. கடிதம் போனது.

எட்டு நிமிடம். பிறகு அவள் படிக்கும் நேரம். பிறகு எட்டு நிமிடம். பரிதி எழுந்து நீரேற்றும் அறைக்குப் போய் அளவுமானிகளைப் பார்த்தான். எல்லா முட்களும் சரியாக இருந்தன. திரும்பி வந்தான். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஒன்றும் வரவில்லை. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் திரை துடித்தது.

'தம்பிக்கு. கடிதம் கிடைச்சுது. சுழியோட வாலைப் பார்த்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. நாலு வருஷமாப் பார்க்கிற கை, எனக்குத் தெரியாதா? இந்தக் கடிதம் வரவே கூடாதுன்னு நேத்து பிள்ளையார் கோயில்லயே வேண்டிக்கிட்டேன். தப்புதான். வந்துடுச்சு, அதனால விரல் வச்சுட்டேன். மதி கிளம்பிட்டா. தண்ணி பாட்டில்ல உங்க பேரை எழுதி ஒட்டிவச்சிருக்கா. முதல்ல வந்த போலிக் கடிதத்தைப் பத்திப் புகார் குடுத்தாச்சு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் எச்சரிக்கை அனுப்பிட்டேன், கவலைப்படாதீங்க.'

பரிதி தன் வலது கையைப் பார்த்தான். அந்த நான்கு ஆண்டுகளில் அவன் எழுதியவை எல்லாம் வழியில் மாற்றப்பட்டுப் போய்ச் சேர்ந்திருந்தன. யாரும் தொடாமல் முழுதாகப் போய்ச் சேர்ந்த அவனுடைய முதல் கடிதத்தின் மீது இப்போது போலி என்று புகார் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கப்பல் கிளம்பியது. அதற்குள் எச்சரிக்கை பூமியைச் சுற்றிவிட்டுச் செம்புலத்துக்கும் வந்து சேர்ந்தது. கைமாறிக் கைமாறி வந்ததில் அதன் முத்திரை உடைந்திருந்தது. யார் எழுதியது என்று உறுதியாகவில்லை என்று அதன் தலையிலேயே சிவப்பில் எழுதியிருந்தது. செம்புலத்திலிருந்து பிள்ளையார் சுழி இல்லாமல் கடிதம் வந்தால் நம்பாதீர்கள், இதை உங்களுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்புங்கள் என்றது. ஊரில் எல்லோரும் அதை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள்.

மதியம் ஞானசீலன் அஞ்சல் மேசைக்கு வந்து நின்றார்.

"எங்கம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். சுழி இல்லையாம். நான் இல்லைங்கறாங்க."

பரிதி நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தச் சுழி ஒண்ணு எனக்கும் வேணும்ப்பா," என்றார் ஞானசீலன். "வால் நீட்டமா இருக்குமே, அதேதான்."